நன்றி: இணையம்

வெட்டுப்புள்ளி வெளியாகப்போகுது என்று கதை அடிபட்ட கிழமை, எங்களில் ஒருத்தியின் தங்கச்சி வீட்டில் ஒருத்தரையும் நிம்மதியாக இருக்கவிடவில்லை. போனைத் தூக்குவாள், ‘வெட்டுப்புள்ளி எப்போது’ என்று தட்டுவாள், முதலாவதாக வருகிற பக்கத்தைத் திறப்பாள். அந்தப் பக்கம் எப்படித் தொடங்கும் என்று உங்களுக்கும் தெரிந்திருக்கும். மாணவர்கள் பலரும் ஆவலுடன் காத்திருக்கிறார்களாம், அந்த வகையில் வெட்டுப்புள்ளி எப்போது வெளியாகும் என்பதை இந்தப் பதிவில் பார்க்கலாமாம். பிறகு வெட்டுப்புள்ளி என்றால் என்ன என்று ஒரு பந்தி. இசட் புள்ளி என்றால் என்ன என்று இன்னொரு பந்தி. நடுவில நாலு விளம்பரம். கடைசி வரியில், விரைவில் வெளியாகும், எங்களுடன் இணைந்திருங்கள்.

இரண்டாவது பக்கத்தைத் திறந்தாலும் அதுதான். மூன்றாவதிலும் அதுதான், சொல் மட்டும் கொஞ்சம் இடம்மாறி இருக்கும். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் தளத்துக்கு நேரே போயிருந்தால் இன்னும் வரவில்லை என்பது அரை நிமிசத்தில் விளங்கியிருக்கும். அவள் போனாள்தான், போட்ட டேட்டா முடிகிற தறுவாயில்.

நாங்கள் அவளைப் பார்த்துச் சிரித்தோம். பிறகு யோசித்தால் சிரிக்கிறதுக்கு ஒன்றுமில்லை. அந்தப் பக்கத்தை எங்கேயோ ஒருத்தர் இருந்து எழுதியிருக்கிறார். ‘வெட்டுப்புள்ளி எப்போது வெளியாகும்’ என்ற தொடரை ஐந்து தரம் போட்டிருக்கிறார். அது தங்கச்சிக்காகப் போட்டதில்லை. தேடுபொறிக்காகப் போட்டது. தங்கச்சி அந்தக் கொடுக்கல் வாங்கலில் ஒரு கிளிக், அவ்வளவுதான்.

இது எப்படி இந்த நிலைக்கு வந்தது என்று தேடிப் பார்த்தோம் (தேடியதும் கூகிளில்தான், வேறெங்க தேடுகிறது). தொடக்கம் உண்மையில் எங்களைப் போன்ற கலைப்பீடக்காரருக்கு நல்லாய்ப் பிடிக்கக்கூடிய ஒன்று. 1998இல் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவர்களாக இருந்த லாரி பேஜும் சேர்ஜி பிரின்னும் தங்கள் தேடுபொறி பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். அதன் மூல யோசனை மேற்கோள். ஒரு ஆய்வுக் கட்டுரையை எத்தனை பேர் அடிக்குறிப்பில் காட்டுகிறார்கள் என்பதை வைத்து அதன் கனத்தை மதிப்பிடுவதுபோல, ஒரு இணையப் பக்கத்துக்கு எத்தனை பக்கங்கள் இணைப்புக் கொடுக்கின்றன, இணைப்புக் கொடுத்த பக்கங்களுக்கு எவ்வளவு மதிப்பு இருக்கிறது என்று பார்த்துத் தரவரிசை போடுவது. அடிக்குறிப்பு எங்கே என்று கேட்டு எங்கட அசைன்மென்ட்டைத் திருப்பித் தருகிற விரிவுரையாளரின் அதே மனநிலை.

அதே கட்டுரையின் பின்னிணைப்பில் இன்னொரு விசயமும் இருக்கிறது. விளம்பரக் காசில் ஓடுகிற தேடுபொறி, தேடுகிறவர் பக்கம் நில்லாமல் விளம்பரம் கொடுக்கிறவர் பக்கம்தான் சாயும் என்று அவர்களே எழுதியிருந்தார்கள். இரண்டு வருடம் கழித்து, 2000 ஒக்டோபரில், கூகிள் தன் விளம்பரச் சேவையைத் தொடங்கியது.

ஒரு விதி இருக்கிறது என்று தெரிந்தால் அதற்கேற்ப ஆடுகிற ஆக்கள் வரத்தான் செய்வார்கள். இது எங்களுக்குப் புதிசில்லை. ஏ.எல். படிக்கும்போது ரியூசனில் ‘இந்த முறை இந்தக் கட்டுரைதான் வரும்’ என்று சொல்லி எழுதித்தந்ததைப் பாடமாக்கிக்கொண்டு போய்க் கொட்டிய ஆக்கள் நாங்கள். வினாத்தாள் போடுகிறவர் அதைக் கண்டுபிடித்து அடுத்த வருடம் கேள்வியைத் திருப்புவார். ரியூசன் சேர் அதையும் கண்டுபிடிப்பார். இந்த ஆட்டத்தில் பாடத்தை உண்மையாக விளங்கிப் படித்த பிள்ளைக்குச் சில வருடங்களில் நல்ல புள்ளி வரும், சில வருடங்களில் வராது. ஏன் வரவில்லை என்று அந்தப் பிள்ளைக்குக் கடைசிவரை தெரியாது.

தேடுபொறியின் வரலாறு கிட்டத்தட்ட இதுதான். 2000களின் கடைசியில் டிமான்ட் மீடியா என்றொரு அமெரிக்க நிறுவனம் இருந்தது. ஈஹவ் என்பது அவர்களின் தளம். ஆக்கள் என்ன தேடுகிறார்கள், அந்தச் சொல்லுக்கு எவ்வளவு விளம்பரக் காசு வரும் என்று முதலில் கணக்குப் போடுவார்கள். பிறகு அந்தத் தலைப்பை ஒரு எழுத்தாளரிடம் கொடுத்து மலிவாக எழுதி வாங்குவார்கள். எழுதுகிறவருக்கு அந்த விசயம் தெரிந்திருக்க வேண்டும் என்றில்லை. 2011 ஜனவரியில் இந்த நிறுவனம் பங்குச் சந்தைக்கு வந்தபோது முதல் நாளிலேயே அதன் பெறுமதி நியூயோர்க் டைம்ஸ் நிறுவனத்தின் பெறுமதியைத் தாண்டியது. அடுத்த மாதம் கூகிள் ‘பண்டா’ என்ற மாற்றத்தைக் கொண்டுவந்தது. (பண்டா என்பது கரடி இல்லை, அதில் வேலைசெய்த நவ்நீத் பண்டா என்ற பொறியியலாளரின் பெயர்.) அமெரிக்காவில் நடக்கிற தேடல்களில் 11.8 வீதம் இதனால் மாறும் என்று கூகிள் சொன்னது. முதல் சுற்றில் ஈஹவ் தப்பியது, ஏப்ரலில் வந்த அடுத்த சுற்றில் அகப்பட்டது. 2012இல் காசு கொடுத்து இணைப்பு வாங்குகிறவர்களைப் பிடிக்க ‘பென்குயின்’ வந்தது. இப்படிக் கனக்க.

இந்த மாற்றங்கள் தேவையில்லை என்று நாங்கள் சொல்லவரவில்லை. அவை இல்லாவிட்டால் முதல் பக்கம் முழுக்கக் குப்பையாகத்தான் இருந்திருக்கும். எங்கட கேள்வி, ஒவ்வொரு முறை வலை வீசும்போதும் யார் அகப்படுகிறார்கள் என்பது.

2022 ஓகஸ்டில் கூகிள் ஒரு மாற்றத்தை அறிவித்தது. தேடுபொறிக்காக எழுதுவதை விட்டு மனிதருக்காக எழுதுங்கள், அப்படியானவற்றை நாங்கள் மேலே கொண்டுவருவோம் என்பது அதன் சாரம். வாசித்தால் எங்களுக்கே கைதட்டத் தோன்றும். அதே வரிசையில் 2023 செப்டெம்பரில் வந்த மாற்றத்துக்குப் பிறகு சின்னச் சின்னச் சுயாதீனத் தளங்கள் பல, பயணம் பற்றி எழுதுகிறவை, பழைய வீடியோ கேம் பற்றி எழுதுகிறவை, ஒரேயடியாகக் கீழே போயின.

அதில் ஹவுஸ்ஃப்ரெஷ் என்ற தளத்தின் கதையைக் கொஞ்சம் நின்று சொல்லவேண்டும். அவர்கள் காற்றுச் சுத்திகரிப்பான்களை மதிப்பீடு செய்கிற ஒரு சின்னக் குழு. கருவியை வாங்கி, ஒரு அறைக்குள் வைத்து, காற்று எத்தனை நிமிசத்தில் சுத்தமாகிறது என்று அளந்து எழுதுவார்கள். 2024 பெப்ரவரியில் அதன் ஆசிரியர் ஜிசெல் நவாரோ ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். தேடலில் தங்களுக்கு மேலே வருகிற பெரிய சஞ்சிகைகளின் தளங்கள் எப்படிப் பரிந்துரைக்கின்றன என்று ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். சோதித்ததற்கு அத்தாட்சி இல்லை, அளவீடு இல்லை. வங்குரோத்தான ஒரு கம்பனியின் கருவியைக்கூடச் சிலர் சிறந்தது என்று போட்டிருந்தார்கள். வாசகர் அந்த இணைப்பை அழுத்தி வாங்கினால் சஞ்சிகைக்குத் தரகு வரும். ஒருகாலத்தில் நல்ல பெயர் வாங்கிய சஞ்சிகை, அந்தப் பெயரை வைத்துத் தனக்குச் சம்பந்தமில்லாத பொருளையும் விற்கிறது. தேடுபொறிக்குத் தெரிவது பெயர் மட்டும்தான்.

அந்தக் கட்டுரை கனபேரால் பகிரப்பட்டது. பிறகு என்ன நடந்தது? மார்ச்சில் அடுத்த பெரிய மாற்றம் வந்தது. தரமில்லாத, அசலில்லாத உள்ளடக்கம் தேடலில் 45 வீதம் குறைந்திருக்கிறது என்று கூகிள் சொன்னது. ஹவுஸ்ஃப்ரெஷ் மே மாதம் எழுதிய அடுத்த கட்டுரையில், தேடல் வழியாக வருகிற வாசகர்களில் 91 வீதத்தை இழந்துவிட்டோம் என்றார்கள். அந்தப் பெரிய சஞ்சிகைகள் மாதிரியான தளங்களுக்கெதிராகவும் கூகிள் அந்த மே மாதத்திலிருந்து ஒரு கொள்கையை நடைமுறைப்படுத்தத் தொடங்கியது என்பதையும் சொல்லத்தான் வேணும். ஆனால் விழுந்தவர்கள் அதனால் எழும்பிவிடவில்லை.

இது ஒரு தளத்தின் ஒப்பாரி மட்டும்தானா என்று எங்களில் ஒருவனுக்குச் சந்தேகம் இருந்தது. நியாயமான சந்தேகம். அவனே தேடி எடுத்துவந்தது 2024 ஜனவரியில் வெளியான ஒரு ஜேர்மன் ஆய்வு. லைப்சிக், வைமார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பொருள் மதிப்பீடு சம்பந்தமான 7,392 தேடல்களை கூகிள், பிங், டக்டக்கோ மூன்றிலும் ஒரு வருடம் தொடர்ந்து செய்து பார்த்திருக்கிறார்கள். மேலே வருகிற பக்கங்கள் சராசரியாகக் கூடுதலாகத் தேடுபொறிக்காகச் செதுக்கப்பட்டவை, கூடுதலான தரகு இணைப்புகள் கொண்டவை, எழுத்தின் தரத்தில் குறைந்தவை. அல்கோரிதம் மாறும்போது கொஞ்ச நாளைக்கு நிலைமை திருந்துகிறது, பிறகு குப்பை திரும்பவும் மேலே வருகிறது. பொருள் மதிப்பீட்டுத் தேடலை மட்டும் பார்த்துவிட்டு முழுத் தேடலையும் மோசம் என்று சொல்லக்கூடாது என்பது கூகிளின் பதில். அதுவும் சரிதான். ஆனாலும் ஒரு பொருளை வாங்கக் காசு எண்ணிக்கொண்டு நிற்கிற ஆளுக்கு அந்தத் தேடல்தான் முக்கியம்.

இதிலே எங்களை ஆகக் கூடுதலாகக் கோபப்படுத்துவது ஒரு சின்ன விசயம். பரீட்சையில் புள்ளி குறைந்தால் மீள்பரிசீலனைக்கு விண்ணப்பிக்கலாம். காசு கட்டவேணும், பெரும்பாலும் ஒன்றும் மாறாது, ஆனாலும் ஒரு படிவம் இருக்கிறது. கூகிளிலும், ஒரு ஊழியர் பார்த்துத் தண்டித்திருந்தால் மீளப் பாருங்கள் என்று கேட்க வழி இருக்கிறது. அல்கோரிதம் இறக்கியிருந்தால் அப்படி ஒரு படிவமே இல்லை. நல்லாய் எழுதுங்கள், காத்திருங்கள் என்பதுதான் பதில். வேறு கடைக்குப் போகலாம் என்றால் கடை எங்கே? 2024 ஓகஸ்டில் அமெரிக்க நீதிபதி அமித் மேத்தா, பொதுத் தேடலில் கூகிள் சட்டவிரோதமாகத் தன் ஏகபோகத்தைப் பேணிவந்தது என்று தீர்ப்பளித்தார். அப்பிள் போன்களில் முன்னிருப்புத் தேடுபொறியாக இருப்பதற்காக 2022இல் மட்டும் 20 பில்லியன் டொலர் கொடுத்தது அந்த வழக்கில்தான் வெளியே வந்தது.

2024 மே மாதத்திலிருந்து அமெரிக்காவில் இன்னொன்றும் சேர்ந்தது. தேடினால் முதலில் வருவது பக்கங்கள் இல்லை, செயற்கை நுண்ணறிவு எழுதிய ஒரு பதில். பீட்சாவில் சீஸ் ஒட்டாவிட்டால் கம் சேர்க்கச் சொன்னது இதுதான். ரெடிட்டில் யாரோ 11 வருடத்துக்கு முன்னர் விட்ட பகிடி அது. நாளுக்கொரு சின்னக் கல் சாப்பிடச் சொன்னதும் நையாண்டித் தளமான ‘தி ஒனியன்’ எழுதியதை வைத்துத்தான். இவை திருத்தப்பட்டுவிட்டன. கல் சாப்பிட வேண்டாம் என்று எங்களுக்குத் தெரியும். தெரியாத விசயத்தில் அது பிழைவிட்டால் எப்படிப் பிடிப்பது?

சரி, இதெல்லாம் இங்கிலிஸ்காரரின் சண்டை, எங்களுக்கென்ன என்று கேட்கலாம். எங்கட நிலைமை வேற மாதிரி மோசம்.

முதலாவது, இங்கிலிஸில் குறைந்தது ஒரு ஆட்டம் நடக்கிறது. குப்பை வருகிறது, நடுவர் விசில் அடிக்கிறார். 2023 பெப்ரவரியில் பொருள் மதிப்பீடுகளின் தரம் பார்க்கிற மாற்றம் ஆங்கிலத்தைத் தாண்டி ஸ்பானிஷ், ஜேர்மன், வியட்நாமிய மொழி, இந்தோனேசிய மொழி என்று விரிந்தபோது அந்தப் பட்டியலில் தமிழ் இருக்கவில்லை. ஆனால் விளம்பரக் காசு வருவது தமிழுக்கும் திறந்திருந்தது. கூகிள் அட்சென்ஸ் தமிழை ஏற்றுக்கொண்டது 2018இல். காசுக்கான கதவு முன்னுக்கே திறந்துவிட்டது, நடுவர் பிறகு வருவார். அந்த இடைவெளியில் முளைத்தவைதான் தங்கச்சி திறந்த பக்கங்கள். இப்போது அவற்றோடு இயந்திர மொழிபெயர்ப்பும் சேர்ந்துவிட்டது. போன செமஸ்டரில் எங்களில் ஒருவன் ஒரு ரியூட்டுக்குத் தேடி எடுத்த தமிழ்ப் பக்கத்தில் ‘நாடகத்தின் வார்ப்பு’ பற்றி ஒரு பந்தி இருந்தது. ஏதோ ஆழமான கோட்பாடு என்று நினைத்து அப்படியே எழுதிக் கொடுத்தான். அது நடிகர் பட்டியல். ஆங்கிலத்தில் நடிகர் குழுவுக்கும் அச்சில் வார்ப்பதற்கும் ஒரே சொல். விரிவுரையாளர் அந்தச் சொல்லுக்குக் கீழே சிவப்பில் கோடு போட்டு ஒரு கேள்விக்குறி மட்டும் வைத்திருந்தார்.

இரண்டாவது, நல்ல தமிழ் எழுத்து இருக்கிற இடம் தேடுபொறியின் கண்ணுக்குத் தெரியாத இடம். பாமினி எழுத்துருவை எடுங்கள். இலங்கையில் எத்தனை வருடமாக எத்தனை சஞ்சிகை, மலர், ஆய்வேடு பாமினியில் தட்டப்பட்டது. பாமினியில் ‘தமிழ்’ என்று தட்டினால் கணினிக்குள் பதிவது ஜே, கே, பி, ஓ என்ற நாலு ஆங்கில எழுத்தும் ஒரு அரைப்புள்ளியும். பார்க்கிற எங்களுக்கு அது தமிழ். தேடுபொறிக்கு அது அர்த்தமில்லாத ஆங்கிலம். அந்தக் கோப்பை அப்படியே வலையேற்றினால், அதற்குள் உள்ள ஒரு வரியைத் தேடி யாரும் அங்கே வந்துசேர ஏலாது. நூலகம் தளத்தில் 2005இலிருந்து சேர்த்துவைத்திருக்கிற ஈழத்துப் புத்தகங்களும் பத்திரிகைகளும் பெரும்பாலும் பக்கங்களின் படங்கள். புத்தகத்தின் பெயர் தெரிந்தால் எடுக்கலாம். பெயர் தெரியாமல் விசயத்தை மட்டும் தேடுகிற முதலாம் வருட மாணவிக்கு அது கிடைக்காது, ‘வார்ப்பு’தான் கிடைக்கும். மிச்சம் உள்ள நல்ல எழுத்து முகநூலில் இருக்கிறது. மூன்று நாள் ஓடி, நூறு லைக் வாங்கி, பிறகு எழுதினவரே தேடினாலும் அகப்படாது.

மூன்றாவது குற்றம் எங்கட. போன வருடம் எங்களில் ஒருத்தி எழுதிய நூல் விமர்சனம் ஒன்றை ஒரு செய்தித் தளம் தலைப்பை மட்டும் மாற்றி முழுதாகப் போட்டிருந்தது. கீழே சின்ன எழுத்தில் ‘நன்றி: இணையம்’. தேடினால் அவர்களின் பக்கம் மேலே, எங்கட பக்கம் எங்கேயோ கீழே. எங்களுக்கு நல்ல கோபம். பிறகு எங்கட பழைய பதிவுகளை இருந்து பார்த்தோம். நாங்கள் எடுத்தாண்ட படங்களுக்குக் கீழே என்ன போட்டிருக்கிறோம்? ‘நன்றி: இணையம்.’ இன்னொரு குழு எழுதிய கட்டுரையை மறுத்து ஒரு முழுப் பதிவு எழுதியிருக்கிறோம், அந்தக் கட்டுரைக்கு ஒரு இணைப்புக் கொடுக்கவில்லை. ‘சிலர் எழுதுகிறார்கள்’ என்று விட்டிருக்கிறோம். ஆய்வேட்டில் அடிக்குறிப்பு விட்டால் புள்ளி குறையும் என்று பயப்படுகிற நாங்கள்தான் இது.

முதலில் சொன்ன மூல யோசனையை இதோடு சேர்த்துப் பாருங்கள். யார் யாரைக் காட்டுகிறார்கள் என்பதை வைத்து மதிப்புப் போடுகிற ஒரு இயந்திரம். இப்போது அது எத்தனையோ வேறு விசயங்களையும் பார்க்கிறது, ஆனாலும் இணைப்பின் பெறுமதி போய்விடவில்லை. தமிழில் எழுதுகிற நாங்கள் ஒருத்தரை ஒருத்தர் காட்டவே மாட்டோம். சண்டை பிடிக்கும்போதுகூடப் பெயர் சொல்லாமல்தான் சண்டை பிடிப்போம். அந்த வெற்றிடத்தில் யாரோ ஒருத்தர் தன் பத்துத் தளங்களுக்கிடையில் தானே இணைப்புப் போட்டுக்கொண்டு மேலே போகிறார். அல்கோரிதத்தை மட்டும் குற்றம்சாட்ட ஏலாது.

இந்தக் கதை தொடங்கியதே எங்கட கூட்டத்தில் வந்த ஒரு யோசனையால்தான். எங்களில் ஒருவன் ஒன்லைனில் ஒரு கோர்ஸ் செய்துவிட்டு வந்து, தளத்தைத் தேடுபொறிக்கு ஏற்றமாதிரி மாற்றினால் வாசகர் கூடுவார்கள் என்றான். தலைப்பில் ஆக்கள் தேடுகிற சொல் வரவேணும். கட்டாயம் பார்க்கவேண்டிய பத்துப் படங்கள் மாதிரி மாதத்துக்கு நாலு பதிவு வரவேணும். முதல் பந்தியில் அந்தச் சொல் திரும்பவும் வரவேணும். ஒருத்தி உடனே, அப்படியென்றால் நாங்கள் வெட்டுப்புள்ளிக்காரரிடமே வேலைக்குப் போகலாமே என்றாள். கொஞ்சம் சூடாகத்தான் போனது.

அவன் சொன்னதில் பாதி சரி என்பது எங்கட இப்போதைய நிலைப்பாடு. ஒரு நாவலின் விமர்சனத்துக்கு ‘மௌனத்தின் நிழல்’ மாதிரித் தலைப்பு வைத்துவிட்டு, நாவலின் பெயரையும் எழுதியவரின் பெயரையும் நாலாவது பந்தியில் ஒளித்துவைப்பது தேடுபொறிக்கு மட்டுமில்லை, வாசகருக்கும் செய்கிற அநியாயம். அதை விடுகிறோம். படத்துக்குக் கீழே அது என்ன, யார் எடுத்தது என்று எழுதப்போகிறோம். எங்கட சீனியர்மார் நடத்திய சஞ்சிகையின் பாமினிக் கோப்புகள் ஒரு பென்டிரைவில் கிடக்கின்றன, அவற்றை யூனிகோட்டுக்கு மாற்றி, பிழை பார்த்து, ஒவ்வொன்றாக ஏற்றுகிறோம். மாற்றி மென்பொருள் கிரந்த எழுத்திலும் மேற்கோள் குறியிலும் செய்கிற கூத்தைத் திருத்தவே ஒரு கட்டுரைக்கு ஒரு பின்னேரம் போகிறது. யாரை மறுத்து எழுதினாலும் அவரின் பக்கத்துக்கு இணைப்பு. பத்துப் படப் பட்டியல் இல்லை. எண்ணிக்கை கூடவேணும் என்பதற்காக ஒரு பதிவும் இல்லை. செப்டெம்பரில் ஒரு விதி, மார்ச்சில் இன்னொரு விதி என்று மாறுகிற ஒருத்தருக்காக எழுதி எழுதிக் கடைசியில் எங்கட நடையும் போய், வாசகரும் வராமல் நின்றால் யாரிடம் போய்க் கேட்பது?

அவன் இன்னும் முழுதாய் ஒத்துக்கொள்ளவில்லை. வாசிக்க ஆளில்லாத நல்ல எழுத்தால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்கிறான். அந்தக் கேள்விக்கு எங்களிடம் நல்ல பதில் இல்லை. இந்தப் பதிவின் தலைப்பும் பிழை என்கிறான். ‘கூகிள் அல்கோரிதம் மாற்றம் என்றால் என்ன’ என்று வைத்திருக்க வேணுமாம். வாக்கெடுப்பில் ஐந்துக்கு மூன்றால் தோற்றான். பாமினிக் கோப்புகளில் முதல் இரண்டையும் திருத்தி முடித்தவனும் அவன்தான். இந்தக் கிழமைக்குள் ஏற்றிவிடுவோம்.